நாலாவது வளையம்

தண்ணீர் பட்டு வருகிற துரு வேறு, கை வேர்வை பட்டு வருகிற துரு வேறு என்று அங்கயற்கண்ணி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலியில் ரிஸ்வான் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பாருங்க பாய், விளிம்புல மட்டும் கறுத்திருக்கு. நடுவுல இல்ல. ஏன்? டப்பாவ அடுக்குறவன் விளிம்பத்தான பிடிப்பான்."

"பிடிப்பான், பிடிப்பான். பொருட்காட்சி முடிஞ்சு அவனே டப்பாவ ஏறக்கட்டிட்டு ஊருக்குப் போயிருப்பான். நீ இன்னும் பிடியை விடல."

மதுரை பைபாஸ் ரோட்டில், டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மொத்தமே ஆறு பேர். 'கைவசம்' என்று ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். விபத்திலோ பக்கவாதத்திலோ கை விழுந்துபோனவர்கள் வீட்டிலேயே கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு ஆடுவதற்கு. மாட்டிக்கொண்டால் எதிரே பொருட்காட்சி ஸ்டால் ஒன்று தெரியும். மேஜைமேல் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆறு தகர டப்பாக்கள். கையில் துணிப்பந்து இருப்பதுபோலவே கனக்கும். எறிந்து டப்பாக்களைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பந்தின் கனத்தையும் டப்பா விழுகிற விதத்தையும் பார்த்துக்கொள்வது ரிஸ்வான். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் செய்வது அங்கை என்கிற அங்கயற்கண்ணி.

டப்பாவுக்கு உருவம் கொடுப்பது அரை நாள் வேலை. உருளை, மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, அங்கங்கே நாலு நசுங்கல். அதற்குத் தோல் போடுவதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். ஆபீசில் டெக்ஸ்சர் என்பார்கள். அவளுக்கு அது எப்போதும் தோல்தான். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்தபோது மூன்று சாயங்காலம் போய்ப் பார்த்தாள். ஒரு பந்துகூட எறியவில்லை. ஸ்டாலுக்குப் பின்னால் போய்க் குனிந்து, பின்பக்கம் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைத் தடவித் தடவிப் பார்த்ததில், கடைக்காரர் அவளைக் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

அந்தப் படுதா அவளை விடவே இல்லை. நாலு மூலையிலும் கயிறு கோர்க்கிற பித்தளை வளையம். வளையத்தில் பச்சை பூத்து, மழைக்கு ஒழுகி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு. மேலே வலது மூலையில் மட்டும் கயிறு அறுந்து தொங்கும். அதெல்லாம் போகட்டும். குறி தப்பின பந்து போய்ப் படுகிற இடத்தில் எல்லாம் செம்மண் வட்டம் வட்டமாக ஒட்டியிருந்தது. அதை அவளால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் படுதாவில் ஒரு மண் வட்டம் விழுகிற மாதிரித் தனியாக ஒரு லேயரே செய்தாள். பந்து கையை விட்டுப் போகும்போது கையுறை என்ன சொல்கிறதோ, அதை நேராக எடுத்துக்கொண்டு, அது போய்ச் சேருகிற இடத்தில் மண்ணைத் தடவிவிடும். ஆடுகிறவர் ஆட ஆட, அவரவர் படுதா அவரவருக்கென்று அழுக்காகிக்கொண்டே போகும்.

"எவன் பாக்கப்போறான் படுதாவ?" என்று கேட்டான் ரிஸ்வான். "டப்பா உருண்டு, தவில் அடிச்சு, லைட்டெல்லாம் மின்னுது. அந்நேரம் பின்னாடி அழுக்கு ஒட்டுச்சான்னா பாப்பாங்க?"

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க பாய். ஆனா இல்லைன்னா, என்னமோ கொறையுதேன்னு இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும் தாயே. டப்பாவ முடி."

அவள் இரண்டையும் முடித்தாள். கொஞ்சம் தாமதமாக.

அவள் அவ்வளவு அவசரப்பட்டதற்கும், அந்த அவசரத்திலும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததற்கும் காரணம் ஒரே ஆள். அவளுடைய அண்ணன் சோலை.

சோலை சிம்மக்கல் பக்கம் காசி முதலாளி கடையில் பரோட்டா மாஸ்டர். அவன் வீச்சு போடுவதைப் பார்ப்பதற்கென்றே பார்சல் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மழை நாளொன்றில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவனுக்குக் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் நரம்பு அறுந்துபோய்க் கை தொங்கிவிட்டது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அங்கே ஒட்டவைத்தார்கள். ஒட்டின நரம்பு மெதுவாக வளரும் என்றார்கள். அது வளர்ந்து விரல்வரை வந்து சேருவதற்குள், கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு வந்து நிற்கும்போது அதை வாங்கிக்கொள்ளச் சதை இருக்காது.

அக்கா பிரசவத்துக்கென்று அம்மா ராஜபாளையம் போயிருந்தாள். வீட்டில் அண்ணனும் தங்கச்சியும்தான். கைவசத்தின் முதல் செட்டை ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்து அவனுக்கு மாட்டிவிட்டாள் அங்கை.

பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. இல்லாவிட்டால் இடது பக்கமாக எங்கேயோ போனது. டப்பாக்கள் ஆறும் துருவும் அழகுமாக அப்படியே நின்றன. ஒரு வாரம் எறிந்து பார்த்தான். அப்புறம் கையுறையைக் கழற்றி ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அண்ணே, இன்னைக்கு ஆடலையா?"

"அழகாத்தான செஞ்சு வச்சிருக்க. நிக்கட்டும். அத எதுக்குத் தள்ளிவிடணும்?"

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பாராட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் ரிஸ்வான் முன்னால் போய் நின்றாள்.

"பாய், தாங்கல்னு ஒண்ணு செஞ்சிட்டிருந்தீங்களே, அது முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. இப்பத்தான் நாலு வீட்டுல போட்டுப் பாக்குறோம். ஏன், அண்ணன் படுத்துட்டாரா?"

"படுத்தே விட்டாரு."

ரிஸ்வான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "எறிஞ்ச உடனே கையுறைக்குத் தெரிஞ்சிரும், பந்து எங்க போகும்னு. அது கண்ணாடியில தெரியறதுக்குள்ள கண்ணு இமைக்கிற நேரம் இருக்கு. அந்த நேரத்துல பந்த ஒரு இழு இழுத்து டப்பாமேல விட்ருவேன். போட்டவருக்குத் தானே போட்ட மாதிரி இருக்கும். தொடர்ந்து தோத்தா மூணாவது வாரம் கையுறையத் தூக்கிப் போட்டுர்றாங்க. ஜெயிச்சா விடாம ஆடுறாங்க. கை நெசமாவே தேறுது. அதுக்குத்தான்."

"பொருட்காட்சியில டப்பாவுக்குள்ள கல்லப் போட்டு வச்சு ஏமாத்துவான். நீங்க மாத்தி ஏமாத்துறீங்க."

"ஏமாத்துறதுங்காத. புள்ள நடை பழகையில இடுப்பப் பிடிச்சுக்கிறோம்ல, அந்த மாதிரி."

"புள்ளைக்கு நம்ம கை இருக்குறது தெரியும் பாய்."

"இதுல தெரியக்கூடாது. தெரிஞ்சா போச்சு." அவன் அவளுடைய திரையில் ஒரு சின்னக் குமிழைக் காட்டினான். மேலே தள்ளினால் முழுத் தாங்கல், கீழே இழுத்தால் ஒன்றுமில்லை. "வீட்டுல உள்ளவங்க கையிலதான் குடுக்குறோம். உங்களுக்குத்தான தெரியும், ஆளு எப்ப சோர்றாரு, எப்ப தெம்பா இருக்காருன்னு. ரெண்டு வாரம் முழுசா வை. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிறணும். மறந்துராத."

அங்கை மேலே தள்ளினாள்.

அன்றைக்குச் சாயங்காலம், டீயைக் குடிக்க வைத்து, சும்மா ஒரே ஒரு பந்து என்று கெஞ்சி, கையுறையை மாட்டிவிட்டாள். அவன் பார்ப்பது டிவியிலும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோலை வேண்டாவெறுப்பாக எறிந்தான். டப்பாக்கள் ஆறும் சடசடவென்று சரிந்தன. தவில் அடித்தது. அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, விழுந்துருச்சு."

"விழுந்துருச்சுண்ணே. இன்னொண்ணு போடு."

அதற்கப்புறம் ஃபேனுக்கு ஓய்வு கிடைத்தது. சாயங்காலமானால் தெருவுக்கே தெரியும். "ஆறும் காலி. ஏய் அங்கை, வீட்டுல வேற டப்பா இருந்தா கொண்டாடி" என்று அவன் கத்துவதும், "சீனி டப்பாதாண்ணே இருக்கு, அதையும் காலி பண்ணிராத" என்று இவள் கத்துவதுமாக ஒரே ரகளை. நடுநடுவே அவன் எதையாவது கேட்பான்.

"அந்தப் படுதா வளையத்துக்குக் கீழ என்னமோ ஒழுகியிருக்கே, என்னது அது?"

"பித்தளையில பச்சை பூத்து மழைக்கு ஒழுகுனதுண்ணே. மேல வலது கைப்பக்கம் கயிறு அறுந்து தொங்கும், பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். அங்கதான் கண்ணு வச்சிருக்கேன்."

யாராவது தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டால் அங்கைக்கு அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு வாரம் போனது. குமிழின்மேல் விரலை வைத்தாள். இறக்கினால் நாளைக்கு ஆறில் ஒன்று நிற்கும், அப்புறம் இரண்டு நிற்கும், அப்புறம் அவன் ஃபேனைப் பார்ப்பான். விரலை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அதையே நினைத்தாள்.

எத்தனை டப்பா விழுந்தது என்கிற கணக்கு வாராவாரம், கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி மையத்துக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் டப்பாவை மட்டும் பார்த்தார்கள். வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம கடைக்குப் போறேன்" என்றான் சோலை, சோற்றைப் பிசைந்துகொண்டே. இடது கையால்தான் பிசைந்தான். "முதலாளிகிட்டச் சொல்லியாச்சு."

அங்கை தட்டைத் தள்ளி வைத்தாள். "கல்லுக்காண்ணே?"

"பரோட்டாக் கடைன்னா கல்லு இல்லாமயா இருக்கும்? என்னடி கேள்வி."

அந்தக் கல் அவளுக்குத் தெரியும். நாலு ஆள் உட்காரலாம் போல அகலம். எண்ணெய் தெளித்தால் புகைந்துகொண்டு எழும்பும். வீச்சு மாவைச் சுழற்றி அதன்மேல் விரிக்கும்போது கை கல்லுக்கு ஒரு விரற்கடை மேலே போய்த் திரும்ப வேண்டும். திரும்பாத கை என்றால், கல்மேல்தான் போய் விழும்.

சனிக்கிழமை மத்தியானம் ரிஸ்வான் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"திண்டுக்கல்ல ஒரு அம்மா. நம்ம முதல் நாலு வீட்டுல ஒண்ணு. கை சரியாயிருச்சுன்னு நம்பிக் கொதிக்கிற குழம்பு குண்டாவ ரெண்டு கையாலயும் தூக்கியிருக்காங்க. வலது கை விட்ருச்சு. காலெல்லாம் வெந்துபோச்சு."

"தாங்கல் இறக்கலையா?"

"மகன் கையில இருந்துச்சு. அழுறான் அந்தப் பையன். அம்மா தெனம் சிரிச்சாங்க சார், இறக்க மனசு வரலங்கிறான்." ரிஸ்வான் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அங்கை. நீ இறக்கிட்டேல்ல?"

அவள் திரையில் உச்சியிலேயே நின்ற குமிழைப் பார்த்தாள்.

"இன்னுமா முழுசா வச்சிருக்க?"

"நாளைக்குக் கடைக்குப் போறான் பாய். கல்லு முன்னாடி நிக்கப்போறான்."

ரிஸ்வான் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். "தப்பு என்னுதுதான். இறக்குறத மிஷின் கையில விட்டிருக்கணும். பாசக்காரங்க கையில போய்க் குடுத்தேன். எல்லா வீட்டுலயும் இன்னைக்கே நிறுத்துறேன். நீ வீட்டுக்குப் போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத, நேரா சொல்லு."

கிளம்பும் முன்னால் அவளே குமிழைக் கீழே கடைசிவரை இழுத்தாள். இத்தனை வாரம் நகராத குமிழ், வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

வீட்டில் சோலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டி இடது கையில். வலது கை காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதோ மெட்டை விசிலடித்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"பரோட்டா வேணும்னா நேரா கேளு. என்ன புதுசா இழுக்குற?"

"இல்லண்ணே..."

"நாளைக்குக் கடைக்கு வா. ஒண்ணரை வருஷமாச்சு நான் அந்தப் படி ஏறி. நீ வந்து உக்காந்தா எனக்கும் தெம்பா இருக்கும்ல." சட்டையை உதறித் தூக்கிப் பார்த்தான். "கசங்கலா இருக்கா?"

"நல்லாருக்கு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் வரவில்லை. காலையில் அவன் கிளம்பும் முன்னால் கண்டிப்பாகச் சொல்லிவிடலாம் என்று போய்ப் படுத்தாள்.

எழுந்தபோது அவன் போய்விட்டிருந்தான். டீ போட்டு மூடிவைத்திருந்தான். கையுறை ஃபிரிட்ஜ்மேல் இல்லை, நாற்காலியில் கிடந்தது. கிளம்பும் முன்னால் ஆடியிருக்கிறான். தாங்கல் இல்லாமல். எல்லாம் நின்றிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று நினைத்தாள். போனை அடித்தாள். எடுக்கவில்லை.

அவனுடைய கை நிஜத்தில் எவ்வளவு மோசம்? அதைத் தெரிந்துகொண்டு போனாலாவது, கல்லுக்கு முன்னாலிருந்து பிடித்து இழுத்துவர ஒரு வார்த்தை கிடைக்கும். டப்பாக் கணக்கு உதவாது, எல்லாம் பொய். அப்போதுதான் படுதா ஞாபகத்துக்கு வந்தது.

அந்த மண் லேயரை அவள் செய்து முடித்தது தாங்கல் வருவதற்கு முன்னால். பந்தை இழுத்து டப்பாமேல் விடுகிற வேலையெல்லாம் கண்ணாடிக்குப் போகிற வழியில் நடக்கிறது. மண்ணோ கையுறையிலிருந்து நேராக வருகிறது. ரிஸ்வானும் அதைக் கவனிக்கவில்லை, அவளும் இணைக்கவில்லை. டிவியில் படுதா தெரிந்தும், அவள் கண் விழுகிற டப்பாவிலும் அண்ணன் முகத்திலும்தான் இருந்தது. அத்தனை வாரமும் டப்பா பொய் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் படுதா நிஜத்தை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

திறந்தாள். முதலில் கீழே, இடது பக்கமாக, ஈ மொய்த்த மாதிரிச் சிதறின வட்டங்கள். பழையவை, மங்கியவை. அவள் எதிர்பார்த்ததுதான். நாள்வாரியாக நகர்த்தினாள். வட்டங்கள் கூட ஆரம்பித்தன. ஆனால் டப்பாவுக்குப் பின்னால், நடுவில் கூடவில்லை. நடுவில் சுத்தமான நீலம்.

கீழே இடது மூலையில், பித்தளை வளையத்தைச் சுற்றி, ஒரு பிடி மண். அப்புறம் கீழே வலது வளையத்தைச் சுற்றி ஒரு பிடி. அப்புறம் மேலே இடது வளையம். அதில் மண் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிப்போய், அவள் பார்த்துப் பார்த்து வைத்த பச்சைக் கோடே மறைந்துவிட்டிருந்தது.

அங்கை ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். இப்படிக் குறிபார்த்து ஒரு மூலையில் அடிக்க வேண்டும் என்றால் கை எவ்வளவு தேறியிருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. அதற்கு அடுத்துத்தான் மற்றது உறைத்தது. ஆறும் காலி என்று தெருவே கேட்கக் கத்தினானே, அப்போதெல்லாம் அவன் டப்பாவைப் பார்த்து எறியவே இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் பறந்தாள்.

கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கல்லுக்கு முன்னால் வேறு ஒரு மாஸ்டர் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். சோலை உள்ளே, கல்லிலிருந்து தள்ளி, கருங்கல் மேடையில் மாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும். இடது கை உருண்டை வழுவழுவென்று, வலது கை உருண்டை கொஞ்சம் கோணலாக. இஸ்திரி போட்ட சட்டையில் எல்லாம் மாவு.

"வந்துட்டியா. உக்காரு. என்ன, தலைகூட சீவாம வந்திருக்க?"

"நீ கல்லுல நிக்கலையா?"

"நிக்கிறேன்னு எப்பச் சொன்னேன்? கடைக்குப் போறேன்னுதான சொன்னேன். இந்தக் கைய வச்சுக்கிட்டுக் கல்லுகிட்டப் போக எனக்கென்ன கிறுக்கா?"

அங்கை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எப்பண்ணே தெரியும் உனக்கு?"

ஒரு உருண்டையை முடித்துத் தட்டில் வைத்தான். "ரெண்டாம் நாளே."

"எப்படி?"

"நீ மாசக்கணக்கா படுதா படுதான்னு என் உயிர வாங்குனேல்ல. அப்படி என்னதான் செஞ்சு வச்சிருக்கான்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். டப்பா ஆறும் நடுவுல விழுகுது, மண்ணு அந்தக் கோடியில போய் ஒட்டுது. எனக்குக் கைதான போச்சு, கண்ணு நல்லாத்தான இருக்கு."

எவன் பாக்கப்போறான் படுதாவ என்று ரிஸ்வான் கேட்டது அவள் காதில் திரும்ப ஒலித்தது. "சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். திரும்பிப் பாத்தா, அன்னைக்கும் நீ எந்திரிச்சு நின்னு கை தட்டிக்கிட்டிருக்க. எனக்கு அடிபட்டதுல இருந்து நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. சரி, புள்ள சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"உனக்காகத்தாண்ணே தட்டுனேன்."

"உனக்காகத்தாண்டி நானும் கத்துனேன். தொண்டையே போச்சு."

கல்லுக்கு முன்னால் நின்ற மாஸ்டர் உருண்டை கேட்டுக் குரல் கொடுத்தார். சோலை தட்டைத் தள்ளிவிட்டான்.

"அப்புறம் என்ன, எப்படிப் போட்டாலும் டப்பா விழுகுது. அப்ப அதப் பாத்து என்ன செய்ய? வேற என்ன இருக்குன்னு பாத்தேன். நாலு மூலைக்கும் நாலு வளையம் வச்சிருந்த. ஒண்ணொண்ணா புடிச்சேன். மூணு வந்துருச்சு. மேல வலது மட்டும் வர மாட்டேங்குது." அந்தக் கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பப் பார்த்தான். பாதியில் நின்றது. "அங்க போகணும்னா இது திரும்பணும். வீச்சுக்கும் இதேதான் திரும்பணும். அந்த அறுந்த கயிறு மேல எப்ப மண்ணு படுதோ, அன்னைக்குத்தான் கல்லுன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். அவரு, எந்தக் கயிறு, என்னப்பா பேசுறன்னு முழிக்கிறாரு."

அவள் திண்டுக்கல் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சோலையின் கை நின்றது.

"கால் எப்படி இருக்காம்?"

"ஆறிரும்னு சொன்னாங்களாம். பாய் ஒடஞ்சு போயிட்டாரு. தாங்கலே வேணாம், எல்லா வீட்டுலயும் எடுத்துர்றேங்கிறாரு."

"எடுக்கச் சொல்லாத." சட்டென்று சொன்னான். "அன்னைக்கு அந்த ஆறும் விழலேன்னா நான் அந்தக் கையுறையத் தொட்டிருக்கவே மாட்டேன். இந்நேரம் ஃபேனுக்குப் பேர் வச்சிருப்பேன். டப்பா விழட்டும்டி. ஆனா பின்னாடி படுதா இருக்கு, அது பொய் சொல்லாதுன்னு முதல்லயே சொல்லிருங்க. டாக்டருக்கும் அதக் காட்டுங்க. தெம்பு வேணும்கிறவன் டப்பாவப் பாக்கட்டும். போதும்னு தோணுற அன்னைக்கு அவனே பின்னாடி பாத்துக்குவான்."

அங்கை தலையாட்டினாள். அப்போதே ரிஸ்வானுக்குச் சொல்லப் போனை எடுத்தவளை அவன் நிறுத்தினான்.

"போன்ல இருக்கையில அந்த ஆளுகிட்ட இன்னொண்ணும் கேளு. காலையில உங்க மிஷின் படுத்துருச்சு. எப்பவும்போல வளையத்துக்குப் போட்டேன், ஒரு டப்பாகூட அசையல. என்னடா இதுன்னு டப்பாவப் பாத்தே போட்டேன். நாலு தடவ வீணாப் போச்சு. அஞ்சாவதுல ரெண்டு விழுந்துச்சு. ரெண்டே ரெண்டு. என்ன ரிப்பேருன்னு பாக்கச் சொல்லு."

"ரிப்பேர் இல்லண்ணே."

"பின்ன?"

"நேத்துச் சாயங்காலமே தாங்கல நிறுத்திட்டேன்."

உருண்டை அவன் வலது கையில் இருந்தது. விரல்கள் அதைச் சுற்றி மெதுவாக மூடின.

"அப்ப அந்த ரெண்டு?"

"உன்னுதுதான்."

ஆறு ஆறாக விழுந்தபோதெல்லாம் தெருவைக் கூட்டினவன் இப்போது வாயைத் திறக்கவில்லை. கையில் இருந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோணலாக இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்தான். தட்டில் மற்ற உருண்டைகளோடு வைத்தான். எண்ணெய்த் துணியை இழுத்து மூடினான். அப்புறம், வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, அவளிடம் மட்டும் கேட்டான்.

"ரெண்டா?"

"ரெண்டு" என்றாள் அங்கை. கை தட்டவில்லை.